பதினாலாவது பொட்டு

அதன்மேல் உன் பையைச் சாய்த்துவிடாதே அம்மணி. கோபித்துக்கொள்ளாதே, முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஜன்னல் பக்கம் வைக்கலாமே என்கிறாயா? வெயில் படும். மேலே வைத்தால் யாராவது பெட்டியைத் தூக்கி அதன் தலையில் போடுவார்கள். படுக்கவைக்கவும் கூடாது, நின்றபடிதான் வர வேண்டும். அதனால்தான் ஜோலார்பேட்டையிலிருந்து மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வருகிறேன். இடது கால் மரத்துப்போய் ஒரு மணி நேரமாகிறது.

கண்ணாடி இல்லை. கண்ணாடி என்றால் எனக்கு இத்தனை கவலை இல்லை. உடைந்தால் சத்தம் கேட்கும், உடைந்தது என்று தெரிந்துவிடும். இது சத்தமில்லாமல் கெட்டுப்போகிற சாமான். வெயில் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும். நெளிந்தது கண்ணுக்குத் தெரியாது, ஊசியை வைத்தால்தான் தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்ய?

இசைத்தட்டு. நம் பாட்டு இல்லை. ஜாஸ் என்று அமெரிக்காவில் வாசிப்பது. எனக்கு அது பிடிக்காது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு வரி வாசிப்பார்கள். பிறகு வீட்டைவிட்டு ஓடிப்போன பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். கடைசியில் பசி எடுத்ததும் திரும்பி வந்து அதே வரியை வாசிப்பார்கள். இதற்குப் போய் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார் என் வீட்டுக்காரர்.

நீ கோயமுத்தூர்தானே? நான் போத்தனூர். அப்படியென்றால் கடைசி வரைக்கும் இருப்பாய். நல்லதாய்ப் போயிற்று. எனக்கு ஒரு கை வேண்டியிருக்கிறது. இப்போது இல்லை. வண்டி எங்கேயாவது ஆடாமல் நிற்கட்டும், சொல்கிறேன்.

சிப்ஸா? வேண்டாம் கண்ணு. எண்ணெய்க் கை ஆகாது இதற்கு. நீ சாப்பிடு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொள்.

என் வீட்டுக்காரர் சதாசிவம் ரயில்வேயில் சிக்னல் ஃபிட்டர். குடி இல்லை, சீட்டு இல்லை. தங்கமான மனுஷன் என்று எங்கள் காலனியே சொல்லும். அந்தத் தங்கமான மனுஷன் சாப்பிட்ட தட்டை முப்பது வருஷத்தில் ஒரு நாள் நகர்த்தி வைத்ததில்லை. ஆனால் இந்தத் தட்டுகளைப் பஞ்சில் தண்ணீர் தொட்டு, பச்சைக் குழந்தைக்குக் கண் துடைப்பது மாதிரித் துடைப்பார். அவரோடு வேலை செய்த டெரன்ஸ் என்கிற ஆங்கிலோ இந்தியன் ஆரம்பித்துவைத்தது. டெரன்ஸ் ஆஸ்திரேலியா போகும்போது பாட்டுப் பெட்டியையும் முப்பது தட்டுகளையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். முப்பது இருநூறாயிற்று.

அந்த இருநூறில் பதினாலு மட்டும் தனி. ஒரு அமெரிக்கக் கம்பெனி பதினாலு தட்டுப் போட்டுவிட்டு மூடிப்போயிற்றாம். அந்த முதல் தட்டுகள் யாருக்கும் கிடைக்காதாம். பல வருஷம் கழித்து ஜப்பான்காரர்கள் அதே பதினாலையும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கொஞ்சமாக மறுபடி போட்டார்களாம். ரீஇஷ்யூ என்பார்கள். அதுவும் இப்போது கிடைக்காது. ஜப்பான்காரன் அட்டையின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி ஒரு காகிதப் பட்டை போட்டிருப்பான். பட்டை கிழிந்தால் பாதி மதிப்புப் போயிற்று. என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் ஊர் ஊராகக் கடிதம் போட்டுப் பதினாலையும் ஒட்டியாணத்தோடு சேர்த்தார். எங்கள் பெரிய பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடியபோது மொத்தம் மூன்று கடிதம் போட்டார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டி முடிப்பதற்குள் தட்டு முடிந்துவிடும். அதனால் அட்டையில் இருக்கிற படத்தை வைத்து நானே பெயர் வைத்துக்கொண்டேன். தொப்பிக்காரர். பல் துருத்தியவர். தூங்குமூஞ்சி. என் நாத்தனார் மாதிரி ஒரு அம்மா. பதினாலாவது, முதுகைக் காட்டுகிறவர். கடலோரத்தில் நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையில் குழலைத் தொங்கவிட்டபடி, நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவர்தான் இந்தப் பைக்குள் இருக்கிறார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சரஸ்வதி பூஜை. என் வீட்டுக்காரருக்கு ஷொரனூரில் வேலை, மறுநாள்தான் வருவேன் என்று போய்விட்டார். நான் வழக்கம்போல வீட்டைக் கழுவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கிரைண்டர், மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை, இவருடைய ஸ்பேனர்கள், சைக்கிள், கேஸ் சிலிண்டர். கரண்டு மீட்டருக்கு ஸ்டூல் போட்டு ஏறி வைத்தேன். இறங்கும்போது இவருடைய தட்டு அலமாரி கண்ணில் பட்டது. என்ன இருந்தாலும் அதுவும் சங்கீதம். சரஸ்வதிக்குச் சொந்தமான சாமான். இத்தனை வருஷம் அதற்கு ஒரு பொட்டு வைக்காமல் விட்டோமே என்று எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதுதான் தப்பாம். நீயே சொல், கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு உண்டு, சங்கீதத்துக்கு இல்லையா?

இருநூறுக்கும் வைக்க என் விரல் மெஷின் இல்லை. அந்தப் பதினாலை மட்டும் எடுத்தேன். கை கழுவித் துடைத்து, இவர் பிடிக்கிற மாதிரியே விளிம்பில் பிடித்து, ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, நடுவில் வட்டமாகக் காகிதம் ஒட்டியிருக்குமே, அதில் ஓட்டைக்கு இடது பக்கம் ஒரு பொட்டு. பாட்டு ஓடுகிற கறுப்பில் ஒரு துளி படவில்லை. அட்டையில் வைத்திருக்கலாமே என்று நீ நினைப்பாய். புத்தகத்துக்குப் பொட்டு வைப்போமா, புத்தகப் பைக்கு வைப்போமா? வைத்ததை வைத்ததை அட்டைக்குள் போட்டு, சரஸ்வதி படத்துக்குக் கீழே சுவரில் சாய்த்து வரிசையாக நிறுத்தினேன். பதின்மூன்று பேரும் பார்க்க லட்சணமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினாலாவதைக் கையில் எடுத்தால், இந்த முதுகைக் காட்டுகிறவர். சாமி முன்னால் ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாமா? எனக்குத் திக்கென்றது. நல்ல நாள் அதுவுமாக இதென்ன மரியாதை. பொட்டும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. சமையலறைப் பரணில் மாவு டின்னுக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

மறுநாள் இவர் வந்தார். தொப்பிக்காரரை எடுத்து ஊசியின் கீழே வைக்கப் போனவர் அப்படியே நின்றார். அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததை எடுத்தார். ஈரப் பஞ்சால் துடைத்தார். சந்தனம் போயிற்று. குங்குமம் போகவில்லை. அது கோனியம்மன் கோயில் குங்குமம், அவ்வளவு சுலபத்தில் போகாது. திட்டியிருந்தால் தேவலை. பதினோரு நாள் என்னோடு பேசவில்லை அம்மணி. சோறு வேண்டுமென்றால் சட்டியைப் பார்ப்பார், குழம்பு வேண்டுமென்றால் கரண்டியைப் பார்ப்பார்.

அந்தப் பதினோரு நாளில் நாலாவது நாள் பக்கத்துத் தெரு பிலோமினா டீச்சர் வந்தார். சர்ச்சில் பழைய சாமான் விற்பனை, ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார். நான் கோபத்தில் கொடுத்தேன் என்று நினைக்காதே. தர்மம். மாவு டின்னுக்குப் பின்னால் கை போனது, கொடுத்துவிட்டேன். ஒட்டியாணத்தோடுதான் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் இவருக்கு வாய் திறந்தது. திறந்ததும் முதல் கேள்வி.

"பதினாலுக்கும் வெச்சியா புள்ள?"

"ஆமாங்க. பதினாலுக்குந்தான்."

வேறு என்ன சொல்ல? பதின்மூன்று என்றால் மீதி ஒன்று எங்கே என்று கேட்பார். அப்போதுதான் பேச ஆரம்பித்த மனுஷன். ஒரு எண்ணிக்கை கூடச் சொன்னேன், அவ்வளவுதான். இவர் போய் எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. அந்த நாட்களில் இவருக்குத் தெரிந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் ஞானசிகாமணி வாத்தியார்.

வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். சம்சாரம் போய்விட்டது. இவரும் வாத்தியாரும் ஆராவமுதன் என்று ஒரு பல் டாக்டரும் ஞாயிற்றுக்கிழமை தோறும் டாக்டர் வீட்டு மாடியில் உட்கார்ந்து தட்டுப் போட்டுக் கேட்பார்கள். அதிலே இவருக்கும் வாத்தியாருக்கும் அப்படி ஒரு சிநேகம். வாத்தியார் என் கையால் வைத்த ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார். முதுகைக் காட்டுகிறவர் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண், கேட்டுக்கொண்டே இருப்பார்.

இவர் நேரே போய்க் கேட்டிருக்கிறார். "நான் எடுக்கல சதாசிவம்" என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். "எடுக்கலையா, எடுத்துட்டுத் திருப்பிக் குடுக்கலையா?" என்று இவர் கேட்டிருக்கிறார். சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. இரண்டு பேரும் போவார்கள், டாக்டரை நடுவில் உட்காரவைத்துக்கொள்வார்கள்.

"டாக்டர், பக்கத்தத் திருப்பிப் போடச் சொல்லுங்க அவரை."

"டாக்டர், இன்னும் முடியலைன்னு சொல்லுங்க அவருகிட்ட."

ஆறு வருஷம் அம்மணி. டாக்டருக்குக் கழுத்து வலி வந்ததே இப்படித் திரும்பித் திரும்பித்தான்.

பொட்டு வைத்த பதின்மூன்றை இவருக்கு வைத்துக்கொள்ளவும் மனசில்லை, சிநேகிதர்களிடம் காட்டவும் வெட்கம். மெட்ராஸில் ஒரு வியாபாரியிடம் கொடுத்து வேறு தட்டுகள் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். சரி, தொலைந்தது என்று நானும் இருந்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தார். பெங்களூரிலிருந்து டாக்டர் ஒரு தட்டு வாங்கியிருக்கிறாராம். அந்த ஜப்பான் ரீஇஷ்யூவிலேயே அபூர்வமான ரகமாம். நடுக் காகிதத்தில் ஓட்டைக்கு இடது பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி இருக்குமாம். தொழிற்சாலையில் ஒவ்வொரு தட்டாகக் கேட்டுப் பார்த்து, மிக நன்றாக வந்ததற்கு மட்டும் பரிசோதகர் கையால் வைத்த புள்ளியாம். சிவப்புப் புள்ளி உள்ளது மற்றதைவிடத் தெளிவாகக் கேட்குமாம். பெங்களூரில் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்களாம்.

"நீங்க சொல்லலையாங்க?" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? எம்பட பொண்டாட்டி வெச்ச பொட்டுன்னா?"

"வேற யாரு வெச்சாங்களாம்?"

"இல்ல புள்ள, டாக்டர் போட்டுக் காட்டுனாரு. நெசமாலுமே தெளிவாத்தான் இருக்குது."

எனக்கு எப்படி இருக்கும்? என் பொட்டு, என் குங்குமம், பதினோரு நாள் பட்டினி கிடந்த மாதிரி கிடந்தவள் நான், பெயர் ஜப்பான்காரனுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கிளம்பினேன். முறுக்குக் கொண்டுபோகிற சாக்கில் மாடிக்கு ஏறினேன். டாக்டர் பல் பார்க்கிற கண்ணாடியை வைத்துப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருங்க, அது நான் சரசுவதி பூசைக்கு வெச்சதுங்க" என்றேன்.

டாக்டர் சிரித்தார். அவர் நல்ல மனுஷன், பல்லைப் பிடுங்கும்போதும் இப்படித்தான் சிரிப்பார். "மரகதம்மா, இதுல ஒரு அடையாளம் இருக்கு. அசல் சிவப்புப் புள்ளியில குறுக்கே மெல்லிசா ஒரு கோடு ஓடும். அதை யாராலயும் போலியா வைக்க முடியாது."

என் மோதிர விரலைக் காட்டினேன். இதோ பார். பதினோரு வயதில் வாழைக்காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் பட்டது, குறுக்கே வெட்டு. பள்ளிக்கூடம் நின்றதும் அந்த வருஷம்தான், அது வேறு கதை. மடியிலிருந்த குங்குமத்தைக் குழைத்து, டாக்டருடைய மருந்துச் சீட்டில் ஒரு பொட்டு வைத்தேன். வட்டம், நடுவில் கோடு. தட்டில் இருந்ததும் சீட்டில் இருந்ததும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

டாக்டர் ரொம்ப நேரம் கண்ணாடி வைத்துப் பார்த்தார். இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார். வாத்தியாரும் எட்டிப் பார்த்தார். இவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் டாக்டர் சொன்னார். "அற்புதம். அப்போ பரிசோதகர் ஒரு பொம்பளை. வீட்டு வேலை செய்யற பொம்பளை. அவங்களுக்கும் இதே விரல்ல இதே மாதிரி வெட்டு. மரகதம்மா, நீங்க எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் அதைப் பெங்களூருக்கு எழுதியும் போட்டுவிட்டார். என் விரலைத் தூக்கி ஒரு ஜப்பான்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள் அம்மணி. கீழே இறங்கும்போது இவரைக் கேட்டேன், ஏனுங்க, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. "விடு புள்ள. அவரு சந்தோஷமா இருக்காரு" என்றார். நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை. முறுக்கு மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

இந்த ஒரு வருஷத்தில் டாக்டர் அலைந்து திரிந்து பதின்மூன்றையும் பிடித்துவிட்டார். பதின்மூன்றிலும் என் பொட்டு. பதினாலாவது மட்டும் இல்லை. "அது மட்டும் புள்ளி இல்லாம வந்திருக்க வாய்ப்பே இல்லை" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் இவர் வாத்தியாரைப் பார்ப்பார். வாத்தியார் கூரையைப் பார்ப்பார்.

போன மாதம் வாத்தியார் வீட்டைக் காலி செய்வதாகச் செய்தி வந்தது. மகள் புனேயில் இருக்கிறாள், அங்கேயே வந்துவிடுங்கள் என்கிறாளாம். வருகிற திங்கட்கிழமை ரயில். நாளைக்கு ஞாயிறு. நாளைக்குத்தான் கடைசியாக உட்காருகிறார்கள்.

செய்தி வந்த அன்று இவர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தட்டைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். "எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் புள்ள. மன்னிச்சு வழியனுப்பிருவேன். நான் என்ன அவனைப் போலீசுலயா புடிச்சுக் குடுக்கப் போறேன்" என்றார். மறுநாள் மார்க்கெட்டில் வாத்தியாரைப் பார்த்தேன். அரைக் கிலோ தக்காளியை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "எடுக்கலைன்னு அவன் நம்பினாப் போதும் மரகதம். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மோர்க்குழம்பு சரியாக வரவில்லை, அதனால் இருக்கும்.

சாயங்காலம் பிலோமினா டீச்சரிடம் போனேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். "முதுகு காட்டுற படம்தானே? ரயில்வே கார்டு டெஸ்மண்ட் வாங்கினார். ரிட்டயர் ஆகி ஜோலார்பேட்டை போயிட்டாரே." நம்பர் வாங்கிப் போன் போட்டேன். தட்டு இருக்கிறதா என்றால் இருக்கிறது என்றார். தருவீர்களா என்றால் தரமாட்டேன் என்றார்.

அவரிடம் பாட்டுப் பெட்டியே இல்லை. அட்டையோடு, உள்ளே தட்டோடு, அப்படியே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அவருடைய அண்ணன் கிளாரன்ஸ் எஞ்சின் டிரைவர். இறந்து பத்து வருஷமாகிறது. ஒரு போட்டோகூட இல்லையாம். பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் கோட்டுக்காரர் அச்சாக அண்ணனாம்.

"முகம் வேறயா இருந்தா?" என்று கேட்டேன்.

"முகம் தெரியலியேம்மா. தெரிஞ்சாத்தானே வேற" என்றார்.

போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் இவரை நீலக் கோட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் போத்தனூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய பழைய ரயில்வேக் கோட்டு அது. ஸ்டூடியோக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். பிளாட்பாரத்து ஓரத்தில் நிறுத்தி, கையில் குழலுக்குப் பதிலாகக் குடையைக் கொடுத்து, அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள் என்றேன்.

"போட்டோவுக்கு இந்தப் பக்கமல்ல திரும்போணும்?"

"அந்தப் பக்கமே திரும்புங்க."

"ஏம் புள்ள, எம்பட மூஞ்சிக்கு என்ன?"

"மூஞ்சி வீட்டுல நெறைய இருக்குதுங்க. முதுகு ஒண்ணுகூட இல்ல."

முப்பது வருஷம் குடும்பம் நடத்தினால் இதற்கெல்லாம் மனுஷன் மறுபேச்சுப் பேசமாட்டார். திரும்பி நின்றார். தூரத்தில் சிக்னலைப் பார்த்தபடி, தோள் கொஞ்சம் இறங்கி, குடையைத் தொங்கவிட்டுக்கொண்டு. பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கினேன். பழனியில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இன்று காலையில் அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

டெஸ்மண்ட் படத்தைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். "அவன் இப்படித்தாம்மா நிப்பான். ரயில்வேக் கோட்டு வேற. அந்தப் படத்துல கடல் இருந்தது, அது ஒண்ணுதான் எனக்கு எப்பவும் இடிக்கும். கிளாரன்ஸுக்குக் கடல் ஆகாது" என்றார். ஆணியிலிருந்து அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். மாட்டிவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார்.

உயிரோடு இருக்கிற மனுஷன் அம்மணி. அடுத்த மாதம் ரிட்டயர்மெண்ட். "ஐயா, தயவுசெஞ்சு மெழுகுவத்தி வேண்டாங்க, பூவும் வேண்டாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்றார். சட்டத்துக்கு ஆகாது, புகை பிடிக்கும் என்றேன். சரி என்றார். ஆனாலும் நான் தெருமுனை திரும்பியதும் ஏற்றியிருப்பாரோ என்று இருக்கிறது. சேலம் வருவதற்குள் இவருக்கு இரண்டு தடவை போன் போட்டுவிட்டேன். "நல்லாத்தான் இருக்கேன், என்ன புள்ள" என்கிறார். ஈரோடு தாண்டி இன்னொரு தடவை போட வேண்டும்.

தட்டை அங்கேயே எடுத்துப் பார்த்துவிட்டேன். கண்ணுக்கு நேராக விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன், நெளியவில்லை. ஆறு வருஷமும் நின்றபடி இருந்ததால் தப்பித்தது. காகிதத்துக்குப் பக்கத்து வெற்றுக் கறுப்பில் பொடியாகக் கீறியிருக்கும் நம்பர் சரியாக இருக்கிறது. இரண்டாவது பக்கம் மூன்றாவது பாட்டில் ஒரு மயிரிழைக் கீறல் உண்டு, அதுவும் இருக்கிறது. அந்த இடத்தில் குழல் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்கு ஜாஸ் பிடிக்காது என்று சொன்னேன் இல்லையா. அந்தப் பாட்டு மட்டும் மாவு ஆட்டுவதற்கு நன்றாக இருக்கும். பாட்டு முடிவதற்கும் உளுந்து பொங்கி வருவதற்கும் சரியாக இருக்கும். ஆறு வருஷமாக என் மாவு ஒரு நாள்கூடச் சரியாக வரவில்லை, அது யாருக்குத் தெரியும்?

இன்று வீட்டுக்குப் போனதும் இதை மாவு டின்னுக்குப் பின்னால் சொருகிவிடுவேன். நாளைக்குக் காலையில் ஏனுங்க, அந்த டின்னைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க என்பேன். பார்ப்பார். பார்த்தால் நேரே வாத்தியார் வீட்டுக்குத்தான் ஓடுவார், எனக்குத் தெரியும். செருப்புக்கூடப் போடமாட்டார்.

ஒரே ஒரு குறைதான். இதில் பொட்டு இல்லை. பதினாலுக்கும் வைத்தேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். பொட்டு இல்லாமல் அகப்பட்டால் நான் பொய் சொன்னதாக ஆகிவிடும் பார்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? சொல்லு. ஏதோ கேட்க வந்தாய்.

ஆமாம், சரஸ்வதி படத்துக்குக் கீழே, சுவரில் சாய்த்து, நம்மைப் பார்த்து.

என்ன?

திரும்பச் சொல்லு.

நமக்கு முதுகைக் காட்டினால், முகம் சுவர்ப் பக்கம். சுவரில் சாமி. அப்படியென்றால் அவர் சாமியைப் பார்த்து நின்றிருப்பார். நம்மைப் பார்த்து நின்ற பதின்மூன்று பேர்தான்...

அட, ஆமாம் அம்மணி.

தொப்பிக்காரர், பல் துருத்தியவர், நாத்தனார் மாதிரி இருந்த அந்த அம்மா, அத்தனை பேரும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தேடித் தேடிப் பொட்டு வைத்தேன். ஒழுங்காகக் கும்பிட்டுக்கொண்டு நின்ற ஒரே மனுஷனைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ஆறு வருஷத்தில் இதை ஒருத்தர் சொல்லவில்லையே எனக்கு. சரித்திர வாத்தியார் என்ன, பல் டாக்டர் என்ன. எப்படிச் சொல்லுவார்கள், நான்தான் யாரிடமும் சொல்லவில்லையே.

கொஞ்சம் தண்ணீர் கொடு. குடிப்பதற்கு இல்லை. சரி, குடித்துக்கொள்கிறேன்.

ஈரோடு வந்துவிட்டது பார். இங்கே கொஞ்ச நேரம் நிற்கும். கை கழுவினாயா? துடைத்தாயா? என் முந்தானையிலே துடை, துவைத்த புடவைதான். இந்தா, மெதுவாக உறையிலிருந்து எடுக்கிறேன். விளிம்பில் மட்டும் பிடி. கறுப்பில் விரல் படக் கூடாது. இரண்டு கையாலும், தாம்பாளத்தில் சீர் வாங்குகிற மாதிரி. ஆமாம், அப்படித்தான். உனக்கு நல்ல கை.

அதே கோனியம்மன் குங்குமம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், வழிந்துவிடக் கூடாது. இது ஏமாற்று இல்லை கண்ணு, அப்படி நினைக்காதே. அன்றைக்கே இவருக்குச் சேர வேண்டிய பொட்டு. ஆறு வருஷம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். தாயே சரஸ்வதி, இவர் உன்னைப் பார்த்துத்தான் நின்றார். நான்தான் பார்க்கவில்லை.

மூச்சுவிடாதே. ஓட்டைக்கு இடது பக்கம். மோதிர விரல். இதோ...

யாரது, அதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்கள். ஆட்டிவிட்டது பார். கறுப்பில் பட்டுவிட்டதா? படவில்லை. நன்றாகப் பார். படவில்லையே? கோடு விழுந்திருக்கிறதா? விழுந்திருக்கிறது. பொட்டுத்தான் நாமம் மாதிரி கொஞ்சம் மேல் பக்கம் இழுத்துவிட்டது.

பரவாயில்லை. டாக்டர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். நீ அசையாமல் பிடித்துக்கொள், காயட்டும்.